திங்கக்கிழமைக் கப்பல்

திண்டுக்கல்லுக்கும் கடலுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. எந்தப் பக்கம் போனாலும் மூணு மணி நேரமாவது பஸ்ல குலுங்கினாத்தான் கடல் காத்து மூக்குல படும். அப்பேர்ப்பட்ட ஊர்ல, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி மாடியில இருந்த ஒரு டிராவல்ஸ் ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு, அந்தமான் தீவுகளுக்கு நடுவுல யாரு எந்தப் படகுல எப்ப ஏறணும், எப்ப ஏறக்கூடாதுன்னு திட்டம் போடுறதுதான் என் வேலை. ஓய்வு பெறுற வரைக்கும் அதைத்தான் பார்த்தேன். சொன்னா சொந்தக்காரங்களே சிரிப்பாங்க. சிரிக்கட்டும், எனக்குச் சோறு போட்டது அந்தக் கடல்தான்.

இப்ப ஆபீஸ்ல இருக்கிற புள்ளைங்க போன வாரம் கூப்பிட்டுச்சுங்க. இப்பல்லாம் கப்பல் டிக்கெட்டைப் போன்லயே எடுத்துடலாம். காத்து எந்தப் பக்கம் அடிக்குது, அலை எம்புட்டு உசரம் வரும்னு அதுலயே பார்த்துடலாம். "இதெல்லாம் இல்லாம மழைக்காலத்துல எப்படிக்கா ஆளை அனுப்புனீங்க? எங்களுக்கு நாலு பக்கம் எழுதிக் குடுங்களேன்"னு கேட்டுச்சுங்க. நல்லா கேட்டீங்க போங்க! வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டுத்தான் அனுப்புனோம். இப்ப வெளிய மழை பேஞ்சா நான் பாட்டுக்குப் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குறேன். அந்தச் சுகம் எம்புட்டுன்னு உங்களுக்குப் புரியணும்னா, அப்ப இருந்த பாட்டைச் சொல்லணும்.

முதல்ல ஒண்ணு கேட்பீங்க, மழைக்காலத்துல எதுக்கு அந்தமானுக்குப் போகணும்னு. அங்க போறதுக்கு நல்ல மாசம் தை, மாசி. கடல் அலுங்காமக் கிடக்கும். ஆனா தை மாசியில நம்மாளுகளுக்கு ஏது நேரம்? முகூர்த்தம் முகூர்த்தமா வரும். ஆடியிலயும் புரட்டாசியிலயும்தான் கை ஓயும். ஆடியில கல்யாணம் கிடையாது, அதனால பந்தல்காரரு, மேளக்காரரு, மாலை கட்டுறவங்க எல்லாரும் சும்மா இருப்பாங்க. புரட்டாசியில பாதி ஊரு கவுச்சியை நிறுத்திரும், பிரியாணிக் கடையில ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க. நம்மாளுக்கு ஓய்வு கிடைக்கிற நேரம் பார்த்துத்தான் அந்தக் கடலுக்கும் கிறுக்குப் பிடிக்கும். நான் என்ன செய்ய?

டைப்படிக்கத் தெரியும்னுதான் என்னைச் சேர்த்தாங்க. ரயில் டிக்கெட், பழனி கொடைக்கானல் வேன், காசி யாத்திரைன்னு எல்லாத்துலயும் கையை வச்சுட்டு, கடைசியில இந்தத் தீவு வேலை என் தலையில விழுந்துச்சு. வேற யாரும் எடுத்துக்கல, அதான் காரணம்.

வேலையைச் சொல்லிக் குடுத்தவரு எங்க முதலாளி. ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆளு. சத்தம் போட்டு நான் பார்த்ததே இல்ல. மனசு நல்லா இருந்தா "ஏம்மா செண்பகம்"பாரு. கோவம் வந்துச்சோ, மரியாதை ஏறிரும். "ஏனுங்க செண்பகமுங்க, இந்தத் தாளைக் கொஞ்சம் பார்க்கிறீங்களாங்க"ன்னு வந்துட்டா நான் உடனே தப்பைத் தேட ஆரம்பிச்சிருவேன். எத்தனை "ங்க" வருதுங்கிறதை வச்சே நான் என்ன தப்பு பண்ணியிருப்பேன்னு கண்டுபிடிச்சிருவேன்.

திட்டத்தாளைக் கொண்டுபோய் நீட்டினா அவரு ஹோட்டலைப் பார்க்க மாட்டாரு, சாப்பாட்டைப் பார்க்க மாட்டாரு. நேரா கடைசி வரிக்குப் போவாரு. ஊர் திரும்புற ஃப்ளைட்டுக்கு முந்தின நாள்ல கடல் இருந்துச்சுன்னா, பேசாம தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளிருவாரு. அதாவது, போய் இறங்கின மறுநாளே தூரத்துத் தீவுக்குப் போயிரணும். சுத்திப் பார்த்துட்டு போர்ட் பிளேருக்குத் திரும்பிரணும். அப்புறம் ஒரு நாள் வெறுமனே கிடக்கணும். படகு நின்னு போனா அந்த நாள்தான் கை குடுக்கும். நாங்க அதுக்கு சும்மா நாள்னு பேரு வச்சிருந்தோம். ஆனா வர்றவங்ககிட்ட அப்படிச் சொல்ல முடியுமா? "ரூம்ல மல்லாந்து கிடக்கவா நாங்க வர்றோம்?"னு சண்டைக்கு வந்துருவாங்க. அதனால தாள்ல 'ஷாப்பிங், மியூசியம்'னு போட்டுருவேன். சிப்பி வளையல் வாங்கட்டுமே, யாரு வேணாங்குறா?

அப்புறம், காலைப் படகுதான் நல்லது. மழைக்காலத்துல பொழுது ஏற ஏறக் கடலும் ஏறும். படகுல ஏறுறதுக்கு முன்னாடி ரெண்டு இட்லிக்கு மேல திங்கக் கூடாது. இதை நான் தொண்டை வத்தச் சொல்லுவேன், ஒரு ஆளு கேட்டதில்ல. ஹோட்டல்ல காலைச் சாப்பாடு சும்மா குடுக்குறான்ல, விட மனசு வருமா? பூரியும் பொங்கலுமா ஒரு கை பார்த்துட்டு ஏறி, அரை மணி நேரத்துல அம்புட்டையும் கடலுக்குக் குடுத்துருவாங்க.

எல்லாத்துக்கும் மேல சேவியர் அண்ணன். ராமநாதபுரத்துப் பக்கம் பொறந்து, போர்ட் பிளேர்ல குடியேறி, அங்க எங்க ஆளுகளைக் கூட்டிட்டுப் போய் ஏத்தி எறக்குறவரு. தினமும் சாயங்காலம் அவருக்குப் போன் போடுவேன். படகுத்துறை ஜெட்டியில நின்னு கடலைப் பார்த்துட்டு, "போகலாம்"பாரு, இல்ல "வேணாம்"பாரு. ரெண்டும் பிரச்சனை இல்ல. சில நாள் "பார்ப்போம்"பாரு பாருங்க, அன்னைக்குத்தான் எனக்கு மண்டை காயும்.

இனி அந்தப் புரட்டாசிக்கு வாரேன்.

ஒரு பிரியாணிக் கடை முதலாளி, கடைக்கு வெள்ளை அடிக்கிற நேரத்துல வேலை ஆளுக எல்லாரையும் குடும்பத்தோட அந்தமான் அனுப்பினாரு. அதுல பெரிய ஆளு முத்தையா மாஸ்டர். அண்டா அண்டாவா பிரியாணி போடுற மனுசன், பேச்சு மட்டும் சிட்டிகை அளவுதான். கூட அவரு சம்சாரம் லட்சுமி, மக கவிதா. கவிதா வருசக்கணக்கா அரசாங்க வேலைக்குப் பரீட்சை எழுதிக்கிட்டு இருந்த புள்ள. கடைசியா எழுதினதுல காத்திருப்புப் பட்டியல்ல பேரு வந்து, அதோட நின்னுருந்துச்சு. அடுத்த வருசம் அந்த வேலைக்கு அதுக்கு வயசு தாண்டிரும்.

அவங்க எல்லாரும் ஹேவ்லாக் தீவுல இருந்தாங்க. சனிக்கிழமை மத்தியானம், கவிதா கூடப் படிச்ச புள்ள ஒண்ணு மூச்சு வாங்க எங்க மாடியேறி வந்துச்சு. "அக்கா, கவிதா போன் போகவே மாட்டேங்குது. காத்திருப்புப் பட்டியல்ல இருந்து கூப்பிட்டுட்டாங்க. செவ்வாக்கிழமை காலையில சென்னையில நேர்ல நிக்கணும். ஒரிஜினல் சர்டிபிகேட்டோட. வரலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிரும்"னு சொல்லிட்டு அழ ஆரம்பிச்சிருச்சு. தீவுல அப்பல்லாம் செல்போன் பேருக்குத்தான். மழை பேஞ்சா அதுவும் படுத்துரும்.

நான் சேவியர் அண்ணனுக்குப் போட்டேன். அவரு, "தங்கச்சி, இப்பத்தான் புயல் எச்சரிக்கைக் கொடி ஏத்திட்டாங்க. எல்லாப் படகும் நின்னாச்சு. நாளைக்கும் ஒண்ணும் நடக்காது. திங்கக்கிழமை காலையில அரசாங்கக் கப்பல் ஒண்ணு விட்டாலும் விடுவாங்க, தீவுக்காரங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும்ல"ன்னாரு. கடைசியா, "பார்ப்போம்"னாரு.

பார்ப்போமா! எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. மத்தவங்களுக்கு ஃப்ளைட் வெள்ளிக்கிழமைதான், அவங்களைப் பத்திக் கவலை இல்ல. இந்தப் புள்ளைக்கு மட்டும் திங்கக்கிழமைக் கப்பல் வேணும், அன்னைக்கு மத்தியான ஃப்ளைட் வேணும். ஒண்ணு தவறினாலும் இத்தனை வருசம் படிச்சது தண்ணியிலதான்.

முதலாளி ஃப்ளைட்டை மாத்துற வேலையை எடுத்துக்கிட்டாரு. நான் தீவு ஹோட்டலோட லேண்ட்லைனைப் பிடிச்சு கவிதாவைக் கூப்பிடச் சொன்னேன். விசயத்தைச் சொன்னேன். "செவ்வாக்கிழமையேவா?"ன்னு கேட்டா. அப்புறம், "அக்கா... ஒரிஜினல் எல்லாம் வீட்டுல அம்மாவோட டிரங்குப் பெட்டிக்குள்ள இருக்கு"ன்னா.

"சாவி?"

"அம்மா இடுப்புல. இங்க."

போச்சுடா சாமி! திண்டுக்கல்காரி பெட்டிக்கு எந்த ஊருப் பூட்டைப் போட்டிருப்பா? வீட்டுச் சாவி பக்கத்து வீட்டுல இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை காலையில ஒரு பூட்டுப் பட்டறைக்காரரைக் கையோட கூட்டிட்டுப் போனேன். பெட்டியில தொங்கின பூட்டைப் பார்த்ததும் மனுசனுக்கு மொகம் மலர்ந்துருச்சு. திருப்பித் திருப்பிப் பார்க்குறாரு. "தாயி, இது நல்ல கைவேலை. இதைத் தொறக்க எனக்கே பாதி நாளாகும். ஒடைக்கச் சொல்லாதீக, எனக்கு மனசு வராது."

"அண்ணே, ஒரு புள்ளையோட வாழ்க்கை உள்ள இருக்கு!"

"அதுக்கு பூட்டை எதுக்கு ஒடைக்கணும்?"னு சொல்லிக்கிட்டே, பெட்டியில பூட்டு மாட்டுற நாதாங்கியை ரம்பத்தால அறுத்து எடுத்துட்டாரு. பூட்டைத் துடைச்சு மேல வச்சாரு. உள்ள பட்டுச்சேலைக்கு அடியில பிளாஸ்டிக் பையில எல்லாமே இருந்துச்சு. ஒவ்வொண்ணா எடுத்துச் சரிபார்த்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டு ஆபீசுக்கு வந்தேன்.

அன்னைக்குச் சாயங்காலம் சேவியர் அண்ணன் தலையால தண்ணி குடிச்சு ரெண்டு டிக்கெட் வாங்கிட்டாரு. தீவுக்காரங்களுக்குப் போகத்தான் வெளியாளுக்கு இடம். கவிதாவுக்கு ஒண்ணு, துணைக்குப் போற அவ அப்பாவுக்கு ஒண்ணு. கப்பல் காலையில எட்டு மணிக்கு, கடல் விட்டா. அப்பாடான்னு ஹோட்டலுக்குப் போன் போட்டுச் சொன்னேன். அஞ்சு நிமிசத்துல கவிதா திரும்பக் கூப்பிட்டா.

"அக்கா, அப்பா முடியாதுங்குறாரு. திங்கக்கிழமை ஏழரை ஒம்போது ராகு காலமாம். நான் தனியா போறேன்னாலும் விட மாட்டேங்குறாரு. நீங்க பேசுங்கக்கா. நான் பேசுனா சண்டையாயிரும்."

முத்தையா மாஸ்டர் வந்தாரு. "இல்லம்மா. போன ரெண்டு தடவையும் இப்படித்தான் நேரம் பார்க்காமக் கிளம்பினோம். ஒரு தடவை பஸ் நின்னு போச்சு, ஒரு தடவை ஒரே ஒரு மார்க்குல போச்சு. மூணாந்தடவையும் எங்கையால கெடுக்கவா? ஒம்போதுக்கு மேல ஒரு கப்பல் பாருங்க, போறோம்."

"மாஸ்டர், அது என்ன டவுன் பஸ்ஸா, அடுத்தது வரும்னு நிக்கிறதுக்கு?"ன்னு கத்திட்டேன். அவரு மறுபடியும் அதையேதான் சொன்னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு போனைத் தூக்கி எறிஞ்சிருப்பேன். அவரு குரல்ல இருந்தது பிடிவாதம் இல்ல, பயம். அதனாலதான் இன்னும் ஆத்திரம்.

முதலாளி கையை நீட்டிப் போனை வாங்கினாரு.

"மாஸ்டருங்களா, வணக்கமுங்க. ஒரு சந்தேகமுங்க. கல்யாண வீட்டுல பிரியாணி போடுறீங்க. அடுப்புப் பத்த வைக்க நேரம் பார்ப்பீங்களா, தம் ஒடைக்க நேரம் பார்ப்பீங்களா?"

ஸ்பீக்கர்ல மாஸ்டர் குரல் வந்துச்சு. "பத்த வைக்கத்தாங்க பார்ப்போம். வேகுறது அது பாட்டுக்கு வேகும்."

"நடுவுல ராகு காலம் வந்தா அடுப்பை அணைச்சிருவீங்களா?"

"அதெப்படிங்க? அரிசி என்னத்துக்கு ஆகும்?"

"அப்பப் பாருங்க. காலையில ஆறரைக்கே குளிச்சு, சாமி கும்பிட்டு, ரூம் வாசப்படியை எறங்கிருங்க. நீங்க பத்த வச்சாச்சு. ஜெட்டியில போய் உட்கார்ந்துக்கங்க. கப்பல் எப்பக் கிளம்புதுங்கிறது அதோட வேக்காடுங்க, அது உங்க கணக்கே இல்லீங்க."

மாஸ்டர் மெதுவா, "எறங்குற நேரம் எமகண்டம் வருதேங்க?"ன்னாரு.

"எறங்குறதுக்கு யாருங்க நேரம் பார்க்கிறது?"

"அதுவும் சரிதான்"னாரு மாஸ்டர். நான் நாற்காலியில தொப்புன்னு உட்கார்ந்தேன். அதுக்கப்புறம் எங்க திட்டத்தாள்ல 'ரூமை விட்டு இறங்கும் நேரம்'னு தனியா ஒரு வரி போட ஆரம்பிச்சோம். இன்னைக்கும் போடுறாங்களான்னு தெரியல. போடுங்கப்பா, பாதிச் சண்டை குறையும்.

திங்கக்கிழமை காலையில நான் ஆபீசைத் தொறக்குறப்ப முதலாளி வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தாரு. ஹோட்டல்காரங்க சொன்னாங்க, அப்பனும் மகளும் விடிஞ்சும் விடியாமலே மழையில ஆட்டோ ஏறிட்டாங்களாம். எட்டு மணிக்கு விட வேண்டிய கப்பலை விடல. எட்டரைக்கும் விடல. ஒம்போது ஆகப் போறப்பத்தான் விட்டாங்கன்னு தகவல் வந்துச்சு. அவ்வளவுதான். நடுக்கடல்ல போனும் கிடையாது ஒண்ணும் கிடையாது.

அந்தக் காலைப்பொழுதை நான் எப்படி ஓட்டினேன்னு எனக்கே தெரியல. கொடைக்கானல் வேனுக்கு ஒருத்தர் வந்து பேசினாரு, நான் என்ன சொன்னேனோ, அவரு பாட்டுக்குப் போயிட்டாரு. முதலாளி சுவத்துல இருந்த அந்தமான் படத்து முன்னாடி போய் நிப்பாரு, திரும்பி வந்து உட்காருவாரு. வழக்கமா ரெண்டரை மணி நேரத்துல வந்துரும். அன்னைக்கு அதுக்கு மேலயும் வரல. "ஏனுங்க செண்பகமுங்க, சேவியருக்கு இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிறீங்களாங்க?"ன்னாரு. எனக்கு முதல்ல தூக்கிவாரிப் போட்டுச்சு, நான் என்ன தப்பு பண்ணேன்னு. அப்புறம் அவரு மொகத்தைப் பார்த்தேன். பயந்தாலும் அவருக்கு "ங்க" வரும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

நான் போடுறதுக்குள்ள சேவியர் அண்ணனே கூப்பிட்டாரு. "தங்கச்சி, கப்பலைக் கரையில கட்டிட்டாங்க. காத்துக்கு ஒதுங்கிக் கப்பல்காரன் சுத்தி வந்திருக்கான், அதான் நேரம். பொண்ணு நடந்து வருது. அப்பனைத்தான் கைத்தாங்கலா கூட்டிட்டு வாரேன்."

"ஃப்ளைட்டு, அண்ணே?"

"மழையில சென்னையில இருந்தே இன்னும் வரல. வந்துதானே திரும்பிப் போகணும்? நீ பொட்டியைக் கட்டு!"

போன உசுரு திரும்பி வந்துச்சு. எந்த மழையைக் காலையில இருந்து வாய்க்கு வந்தபடி வஞ்சுக்கிட்டு இருந்தேனோ, அதே மழைக்குக் கையெடுத்துக் கும்பிட்டேன். அன்னைக்கு ராத்திரி ரயில்ல சர்டிபிகேட்டை மடியில வச்சுக்கிட்டு நானே சென்னைக்குப் போனேன். வேற யாருகிட்டயும் குடுத்துவிட எனக்கு மனசு வரல.

மறுநாள் காலையில அவங்க தங்கின லாட்ஜுக்குப் போனா, கவிதா துணியெல்லாம் கடல் தண்ணியில நனைஞ்சு காயாமக் கிடக்கு. எனக்குன்னு கொண்டுபோன சுங்குடிச் சேலையை அதுக்குக் கட்டிவிட்டேன். ஃபைலை வாங்குறப்ப அது கை சில்லுன்னு இருந்துச்சு. "அக்கா, எனக்கு இன்னும் தரை ஆடுது"ன்னா. "ஆடட்டும், நீ நேரா நடந்து உள்ள போ"ன்னேன்.

மாஸ்டரும் நானும் எதிர்ல இருந்த டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்தோம். டீ வாங்கினோம், ஆறிப்போச்சு. உள்ள போனவங்க ஒவ்வொருத்தரா வெளிய வந்தாங்க. சிலர் சிரிச்சுக்கிட்டு, சிலர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு. ஒவ்வொரு தடவையும் மாஸ்டர் எந்திரிச்சு எந்திரிச்சு உட்கார்ந்தாரு. ஒரே ஒரு தடவை வாயைத் தொறந்தாரு. "ஒம்போது மணின்னு நான் ஒத்தக் கால்ல நின்னிருந்தா, இன்னைக்கு இந்தப் புள்ள எங்கம்மா இருந்திருக்கும்?" "அதான் வந்தாச்சுல்ல"ன்னேன்.

உச்சி வெயில் நேரத்துல கவிதா வெளிய வந்தா. மொகத்துல ஒண்ணும் தெரியல. ரோட்டைத் தாண்டுறப்ப ரெண்டு பக்கமும் பார்க்காம வந்தா, ஆட்டோக்காரன் ஒருத்தன் திட்டிட்டுப் போனான். எங்க முன்னாடி வந்து நின்னு, "அப்பா, கிடைச்சிருச்சு. வத்தலக்குண்டு போட்டுருக்காங்க"ன்னா.

மாஸ்டர் அவ தலையில கையை வச்சாரு. தோள்ல கிடந்த துண்டை மொகத்துல போட்டுக்கிட்டு அழுதாரு. டீக்கடைக்காரர் பதறிப்போய், "என்னங்க, யாருக்கு என்ன ஆச்சு?"ன்னு ஓடியாந்தாரு. "வேலை கிடைச்சிருச்சுங்க"ன்னு சொல்லிட்டு நானும் அழுதேன். எனக்கு என்னத்துக்கு அழுகை வந்துச்சுன்னு கேட்காதீங்க.

என் போன்ல இருந்து தீவு ஹோட்டலுக்குப் போட்டேன். லட்சுமியைக் கூப்பிடுங்கன்னு முழுசாச் சொல்லக்கூட இல்ல, லட்சுமியே எடுத்தா. காலையில இருந்து அந்த லேண்ட்லைன் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாளாம். கவிதா பக்கத்துல குனிஞ்சு போன்ல விசயத்தைச் சொன்னா. அந்தப் பக்கம் லட்சுமி அந்தச் செய்தியைத் திரும்பி மத்தவங்ககிட்டச் சொன்னது கேட்டுச்சு. அப்புறம் ஒரே சத்தம். அந்தப் பிரியாணிக் கடை ஆளுக அம்புட்டுப் பேரும் கத்துறாங்க, எவனோ தட்டை எடுத்து அடிக்கிறான். நான் போனைக் காதுல இருந்து தள்ளி மாஸ்டர் பக்கம் நீட்டினேன்.

அவரு துண்டால மொகத்தைத் துடைச்சுட்டு வாங்கினாரு. "ஏய்... சாப்டியா?"ன்னாரு. அம்புட்டுத்தான் வந்துச்சு அந்த மனுசனுக்கு.

"எங்கிட்டு சாப்டுறது? சனிக்கிழமையில இருந்து தொண்டையில எறங்குச்சா? நீங்க சாப்டீகளா?"ன்னு லட்சுமி போட்ட சத்தம் எங்க மூணு பேருக்கும் கேட்டுச்சு.

அப்பத்தான் எங்களுக்கும் பசிச்சது.